பெரியம்மா காட்டாத இடம்

"எழுது. ஆனா எந்த எஸ்டேட்டுன்னு மட்டும் எழுதாத. ஆஸ்பத்திரி பேரும் வேணாம். எனக்கு இன்னும் கிளினிக் போகணும்."

இப்படிச் சொல்லித்தான் பெரியம்மா அனுமதி தந்தார். அதனால் கலஹாப் பக்கம் ஒரு தோட்டம், கண்டிப் பக்கம் ஒரு அரச வைத்தியசாலை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இதில் 'நாங்கள்' என்று வருகிற இடமெல்லாம் இரண்டு பேர்: பெரியம்மாவின் மகள், பெரியம்மாவின் தங்கச்சி மகள். மூத்தவள் தோட்டத்து முன்பள்ளியில் படிப்பிக்கிறாள். இளையவள் பேராதனையில் கலைப்பீடம். தட்டச்சு செய்தது இளையவள். ஆனால் ஒவ்வொரு பந்தியையும் போனில் வாசித்துக் காட்டி, மூத்தவள் "அப்படி இல்ல, இப்படி" என்று திருத்திய பிறகுதான் இங்கே போடுகிறோம்.

பெரியம்மாவுக்கு இதயத்தில் மைட்ரல் வால்வு சுருங்கியிருக்கிறது. அது இன்று நேற்று வந்ததல்ல. சின்ன வயதில் தொண்டை நோவு, அதற்குப் பிறகு காய்ச்சல், முழங்கால் வீக்கம். லயத்துக் காம்பராவில் எட்டுப் பேர் ஒன்றாகப் படுத்த காலம். தொண்டையில் வரும் ஒரு வகை பக்டீரியா நெருக்கடியான வீடுகளில் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு இலகுவாகப் பரவும். அதை எதிர்க்கக் கிளம்பும் உடம்பு, சில பிள்ளைகளில் தன் சொந்த இதய வால்வையே தாக்கிவிடும். வாதக் காய்ச்சல் என்பார்கள். காய்ச்சல் போய்விடும், வால்வில் விழுந்த தழும்பு போகாது. அது பல வருடங்கள் கழித்து மூச்சு வாங்கலாக வெளியே வரும். பெரியம்மாவுக்குக் கொழுந்துக் கூடையோடு மலையேற ஏலாமல் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. பிறகு பிள்ளைக் காம்பராவில் உதவிக்கு நின்றார்.

போன வருடம் அவருடைய இதயத் துடிப்பு தாளம் தப்பியது. இதயத்தின் மேலறை ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கிக்கொண்டிருந்தால், இரத்தம் அங்கே தேங்கும். தேங்கினால் கட்டியாகும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பாரிசவாதம். அதைத் தடுக்கத்தான் வோர்ஃபரின் என்ற மாத்திரை. 'இரத்தத்தை மெல்லிதாக்கும் மருந்து' என்று எல்லாரும் சொல்கிறார்கள். உண்மையில் அது இரத்தத்தை மெல்லிதாக்குவதில்லை, உறைவதைத் தாமதமாக்குகிறது.

ஒரு திங்கட்கிழமை கிளினிக்கில் அந்த மாத்திரையை எழுதிக் கொடுத்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் அன்றைக்குக் கூடப் போகவில்லை. ஒருத்திக்கு முன்பள்ளி, ஒருத்திக்குப் பரீட்சை. பெரியம்மா தனியாக பஸ் ஏறினார். கலஹா பஸ் கம்பஸ் நடுவாலேதான் கண்டிக்குப் போகும். விரிவுரைக்குப் போகும் வழியில் அந்த பஸ்ஸைப் பார்க்கும்போதெல்லாம், அன்றைக்கு அதில் பெரியம்மா தனியாக உட்கார்ந்து போனார் என்பதுதான் இப்போது ஞாபகம் வருகிறது.

கிளினிக்கில் என்ன சொன்னார்கள் என்று பிறகு கேட்டோம். "லே தியர கரன பெஹெத்"னு சொன்னாங்க, தினமும் ராத்திரி ஒரே நேரத்துக்குப் போடணும், ஒரு நாளும் தவறக் கூடாது, கீரையைக் கண்டபடி கூட்டிக் குறைக்காத, வேற மருந்து எடுத்தா சொல்லு. இவ்வளவும் சிங்களத்தில். பெரியம்மாவுக்குக் கடைச் சிங்களம் தெரியும், அதனால் இவ்வளவும் பிடிபட்டது. பிடிபடாதது ஏதும் இருந்ததா என்று அவருக்கே தெரியாது. கொப்பியில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அந்த மிஸ்ஸைக் குறை சொல்ல எங்களுக்கு மனமில்லை. வரிசையில் அவருக்கு முன்னால் நிறையப் பேர், நேரம் இரண்டு நிமிஷம். தமிழும் அரச கரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் சொன்னது. அந்த இரண்டு நிமிஷத்துக்குள் அது வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

திங்கள் இரவு முதல் மாத்திரை. வியாழன் இரவு தொடையின் மேற்பக்கத்தில் எரிச்சல். 'அட்டை கடிச்சிருக்கும்' என்று நினைத்தார். வெள்ளி காலையில் உள்ளங்கை அளவு சிவப்பு, தொட்டால் உயிர் போகிற நோவு. இடப்பக்க மார்பின் கீழேயும் அதே மாதிரி ஒன்று. சனிக்கிழமை சிவப்பு நீலமானது. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசினார். யாரிடமும் சொல்லவில்லை. இரவானதும் சொன்னபடி தவறாமல் மாத்திரையும் போட்டார். நினைக்க நினைக்க எங்களுக்கு ஆறாமல் இருப்பது இதுதான். அவர் மருந்தை ஒழுங்காகப் போட்டார்.

ஞாயிறு காலை மூத்தவள்தான் கண்டுபிடித்தாள். அதுவும் காயத்தைப் பார்த்தல்ல, நடையைப் பார்த்து.

"ஏம்மா காலை இழுத்து இழுத்து நடக்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல."

"காட்டுங்க."

"வேணாம் புள்ள. காட்டுற எடமா அது?"

அரை மணித்தியாலம் சண்டை. கடைசியில் கதவைச் சாத்திவிட்டுப் பார்த்தபோது, தொடையில் ஓர் இடம் கறுத்து, அதைச் சுற்றிச் சிவப்பு, நடுவில் இரத்தம் கட்டிய கொப்புளங்கள். ஹொஸ்டலுக்கு போன் வந்தது. போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னதற்குப் பெரியம்மா சம்மதிக்கவேயில்லை. வாயால் சொன்னதைக் கேட்டு, மருத்துவ பீடத்தில் படிக்கிற ஒரு தோழியிடம் அப்படியே ஒப்பித்தோம். அவள் கேட்டது ஒரே கேள்வி: "புதுசா ஏதும் மருந்து தொடங்கினாங்களா?" பதிலைக் கேட்டதும் சொன்னாள்: "இப்பவே கூட்டிட்டுப் போங்க. மாத்திரையும் கொப்பியும் கையில இருக்கட்டும்."

த்ரீவீலரில் பெரியம்மா ஒரு பக்கமாகச் சாய்ந்தபடியே வந்தார். வைத்தியசாலை வாசலில் இளையவள் சேர்ந்துகொண்டாள். அவசரப் பிரிவில் எங்களை விடக் கொஞ்சம்தான் வயது கூடிய ஒரு டொக்டர், சிங்களப் பெண். திரையை இழுத்து மூடினார். அவர் கேட்க, நாங்கள் தமிழில் கேட்க, பெரியம்மா எங்களுக்குச் சொல்ல, நாங்கள் சிங்களத்தில் சொன்னோம். எப்போது தொடங்கியது, முதலில் நோவா நிறமா, வேறு எங்கே இருக்கிறது. மார்பில் இருப்பதைப் பெரியம்மா அங்கே வைத்துத்தான் முதல்முறையாகச் சொன்னார். மூத்தவளுக்கே அதுவரை தெரியாது. "வேற எங்கேயும் இருக்கா"ன்னு அந்த டொக்டர் இரண்டாவது தடவையும் கேட்டிருக்காவிட்டால் அது அப்படியே மறைந்துதான் இருந்திருக்கும்.

பிறகு வந்த பெரிய டொக்டர் முதலில் புண்ணைப் பார்க்கவில்லை. கொப்பியை வாங்கித் திகதியைப் பார்த்தார். விரல் விட்டு எண்ணினார். திங்கள், செவ்வாய், புதன், வியாழன். "நாலாவது நாள்" என்றார். அதற்குப் பிறகுதான் திரைக்குள் போனார்.

வோர்ஃபரின் தோல் அழுகல் என்று இதைத் தமிழில் சொல்லலாம். மருந்து குடிக்கும் ஆயிரம் பேரில் ஒருவருக்கு, இல்லாவிட்டால் பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு வரும் என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. பெரும்பாலும் மருந்து தொடங்கி மூன்றாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் தொடங்கும். ஆண்களை விடப் பெண்களுக்கு அதிகம், அதிலும் நடுத்தர வயதைத் தாண்டியவர்களுக்கு. தோலுக்குக் கீழே கொழுப்பு கூடிய இடங்களில்தான் வரும்: மார்பு, தொடை, பிட்டம், வயிறு.

அந்தப் பட்டியலை இன்னொரு தடவை வாசித்துப் பாருங்கள். எங்கள் வீட்டுப் பெண்கள் டொக்டருக்குக்கூடக் காட்ட யோசிக்கிற இடங்களின் பட்டியலும் அதேதான்.

இதில் எங்களுக்கு விளங்காத ஒன்று இருந்தது. இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மருந்தால் தோல் ஏன் சாக வேண்டும்? இரத்தம் கசிந்து கறுத்ததா? தோழி ஒரு தாளில் கீறி விளங்கப்படுத்தினாள். நாங்கள் அதை எங்களுக்கு விளங்கின மாதிரி, மலையிறங்கும் கலஹா பஸ்ஸாக மாற்றிக்கொண்டோம்.

இரத்தம் உறைவதற்கு ஓர் எக்ஸிலேட்டரும் ஒரு பிரேக்கும் இருக்கின்றன. உறையச் செய்யும் சில புரதங்கள் எக்ஸிலேட்டர். போதும் நிறுத்து என்று சொல்லும் புரதம் சி, புரதம் எஸ் இரண்டும் பிரேக். இவை எல்லாவற்றையும் கல்லீரல்தான் செய்கிறது. செய்து முடிக்க விற்றமின் கே வேண்டும். வோர்ஃபரின் அந்த விற்றமின் கேயை மீண்டும் மீண்டும் பயன்படுத்த விடாமல் மறிக்கிறது. அதனால் எக்ஸிலேட்டரும் குறையும், பிரேக்கும் குறையும். நீண்ட நாளில் கணக்கு சரியாக வந்துவிடும், உறைதல் மட்டுப்படும். பிரச்சினை முதல் சில நாட்களில். ஏற்கனவே உடம்பில் இருக்கும் புரதம் சியில் பாதி, எட்டு மணித்தியாலம் போலத் தீர்ந்துவிடும். எக்ஸிலேட்டரில் முக்கியமான புரோத்ரொம்பின் பாதியாகக் குறைய இரண்டரை நாள், மூன்று நாள் எடுக்கும். அதாவது பிரேக் முதலில் போகிறது, எக்ஸிலேட்டர் பிறகுதான் போகிறது.

பெரும்பாலானவர்களுக்கு அந்த இடைவெளியில் ஒன்றும் ஆகாது. ஆனால் பிறவியிலேயே புரதம் சி பாதியளவுதான் உள்ள ஒருவருக்கு இருந்த கொஞ்ச பிரேக்கும் போய்விடும். கொழுப்புக்குள் ஓடும் நுண்ணிய இரத்தக் குழாய்களில் இரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும். அந்த இடத்துத் தோலுக்கு இரத்தம் போகாது. அது கசிவு அல்ல, பட்டினி. அதனால்தான் நிறம் மாறுவதற்கு முன்பே அவ்வளவு நோவு.

இளையவளுக்கு எதையும் அதன் வரலாற்றிலிருந்து தேடுகிற பழக்கம். வார்டு வாசலில் இருந்த நேரத்தில் போனில் வாசித்தவற்றை மூத்தவளுக்குச் சொல்லுவாள். 1920களில் வட அமெரிக்காவில், மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த ஒரு வகைத் தீவனத்தைத் தின்ற மாடுகள் இரத்தம் கசிந்து செத்தன. 1933இல் விஸ்கொன்சினில் ஒரு விவசாயி, செத்த பசுவையும் உறையாத இரத்தம் நிரம்பிய ஒரு பால் வாளியையும் தூக்கிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே கார்ல் போல் லிங்க் என்பவரின் ஆய்வுகூடம் பல வருடம் தேடி அந்த நஞ்சைப் பிரித்தெடுத்தது. அதன் வழியில் வந்ததுதான் வோர்ஃபரின். செலவு செய்த விஸ்கொன்சின் பழைய மாணவர் ஆய்வு மன்றத்தின் ஆங்கில முதலெழுத்துகள்தான் அதன் பெயரின் முதல் பாதி. 1948இல் அது எலி மருந்தாகத்தான் சந்தைக்கு வந்தது. 1954இல் மனிதருக்கு மருந்தானது. 1955இல் மாரடைப்பு வந்த அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவருக்கும் அதைக் கொடுத்தார்கள்.

"எலி மருந்தா?" என்றாள் மூத்தவள். "அம்மாக்கிட்ட சொல்லிராத."

ஆனால் எங்களை நிறுத்திய விஷயம் வேறொன்று. இந்தத் தோல் அழுகல் பற்றி மருத்துவ இதழில் முதலில் வந்ததாகச் சொல்லப்படுவது 1943இல், ஒரு பெண்ணின் மார்பு அழுகியது பற்றிய கட்டுரை. இந்த வகை மருந்துதான் காரணம் என்று தொடர்புபடுத்தி எழுதியது 1954இல். நடுவில் பதினொரு வருடம். பெரியம்மாவுக்கு எடுத்தது மூன்று நாள். தெரிந்த ஒருவர் திகதியை எண்ணிப் பார்த்ததால் அது மூன்று நாளோடு நின்றது.

அன்றைக்கே வோர்ஃபரினை நிறுத்தினார்கள். விற்றமின் கே ஊசி போட்டார்கள். இரத்தம் உறையாமல் இருக்க ஹெபரின் என்ற வேறு மருந்தைத் தொடங்கினார்கள். அது புரதம் சியைக் குறைப்பதில்லை. மார்பில் இருந்தது ஆழமாகப் போகவில்லை, மருந்து கட்டியே ஆறியது. தொடையில் இருந்தது ஆறவில்லை. செத்த தோலை வெட்டி எடுத்து, மற்றத் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். ஐந்து கிழமை வார்டில்.

அந்த ஐந்து கிழமையும் நாங்கள் மாறி மாறி நின்றோம். எங்களுக்கு அங்கே கிடைத்த வேலை மொழிபெயர்ப்பு. பெரியம்மாவுக்கு மட்டுமல்ல. பக்கத்துக் கட்டிலில் புசல்லாவையிலிருந்து வந்த ஓர் அம்மா, ஜன்னலோரம் ஹேவாஹெட்டையிலிருந்து ஒருவர். "தங்கச்சி, அந்த மிஸ்கிட்ட கொஞ்சம் கேட்டுச் சொல்லு" என்பார்கள். என்ன கேட்க வேண்டும் என்றால் வாயை மூடிக்கொண்டு, குனிந்து காதில் சொல்லுவார்கள். மாதவிடாய், மலம், மார்பு, சிறுநீர். நடுவில் ஆம்பிளை அட்டெண்டன்ட் போனால் பாதியில் நிறுத்திவிடுவார்கள். மொழி தெரியாததால் மட்டும் நோயாளி சும்மா இருப்பதில்லை என்று அப்போதுதான் விளங்கியது. சொல்ல வேண்டிய சொல்லே தன் மொழியிலும் வாயில் வராமல் இருக்கிறது. அதை இன்னொருத்தியின் வாயால், இன்னொரு மொழியில், ஒரு மண்டபத்துக்குள் சொல்ல வேண்டும். அதை விடச் சும்மா இருப்பது இலகு.

எங்களுக்கும் அதே வெட்கம்தான். தொடை, மார்பு என்பதற்குச் சிங்களத்தில் மரியாதையான சொல் எது, கெட்ட சொல் எது என்று தெரியாமல் முதல் நாள் கையால் காட்டித்தான் சமாளித்தோம். கம்பஸில் மொழி உரிமை பற்றிக் கூட்டம் போட்டுப் பேசியிருக்கிறோம். இப்படி ஒரு சொல்லுக்காகத் தடுமாறுவோம் என்று நினைத்ததில்லை.

பிறகு வந்தது கஷ்டமான கேள்வி. இனி என்ன மாத்திரை? இப்போது ரிவரொக்ஸபான் மாதிரிப் புதிய மருந்துகள் இருக்கின்றன. விற்றமின் கேயோடு அவற்றுக்குத் தொடர்பில்லை, அடிக்கடி இரத்தப் பரிசோதனையும் வேண்டாம். கடன் வாங்கியாவது அதையே வாங்கலாம் என்று நாங்கள் முடிவு செய்துவிட்டோம். டொக்டர் தலையாட்டவில்லை. 2022இல் இன்விக்டஸ் என்ற ஓர் ஆய்வின் முடிவு வந்ததாகச் சொன்னார். பெரியம்மாவுக்கு இருப்பதைப் போல வாதக் காய்ச்சலால் வால்வு கெட்டு, தாளமும் தப்பிய 4500க்கு மேற்பட்டவர்களை 24 நாடுகளில் பார்த்த ஆய்வு. புதிய மருந்து எடுத்தவர்களை விட, வோர்ஃபரின் வகையை எடுத்தவர்களில் இறப்பு குறைவாக இருந்தது. பணக்கார நாடுகளில் அருகிப்போன நோய் என்பதால், வால்வு இப்படிச் சுருங்கியவர்களைப் புது மருந்துகளின் முந்திய பெரிய ஆய்வுகள் சேர்க்கவில்லை. எங்கள் மாதிரி நாட்டு ஆட்களை வைத்துப் பார்த்தபோது விடை மாறி வந்திருக்கிறது.

அதாவது, தொடையைத் தின்ற அதே மாத்திரைதான் பெரியம்மாவின் உயிருக்கும் காவல்.

அதற்கும் வழி இருந்தது. புண் ஆறிய பிறகு, ஹெபரின் ஊசி போட்டபடியே, மிகச் சிறிய அளவில் தொடங்கி, மெது மெதுவாகக் கூட்டினார்கள். பிரேக்கும் எக்ஸிலேட்டரும் சேர்ந்து குறைய நேரம் கொடுக்கிற மாதிரி. முதல் பத்து நாளும் தினம் காலையிலும் மாலையிலும் ஒரு மிஸ் திரையை இழுத்துவிட்டுத் தொடை, மார்பு, வயிறு எல்லாம் பார்த்தார். மூன்றாம் நாள் பெரியம்மாவே "மிஸ்" என்று கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். பயந்துபோனோம். ஒன்றுமில்லை, நேரமாகிவிட்டது, ஏன் இன்னும் வந்து பார்க்கவில்லை என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்.

வோர்ஃபரினை மீண்டும் தொடங்குவதற்கு முன்பே இரத்த மாதிரி ஒன்றைக் கொழும்புக்கு அனுப்பியிருந்தார்கள். அந்த மருந்தில் இருக்கும்போது புரதம் சி எப்படியும் குறைவாகத்தான் காட்டும், அதனால் இடைவெளி விட்டு எடுத்தார்கள். பெரியம்மாவின் புரதம் சி குறைவு என்று முடிவு வந்தது. பரம்பரையாக வரக்கூடியது என்றார்கள்.

அன்றைக்கு இரவு நாங்கள் கணக்குப் போட்டோம். மூத்தவளுக்கு இரண்டில் ஒன்று. பெரியம்மாவுக்கு அது தாத்தாவிடமிருந்தோ அம்மாயியிடமிருந்தோ வந்திருந்தால், தங்கச்சிக்கும் இரண்டில் ஒன்று. அப்படியானால் இளையவளுக்கு நாலில் ஒன்று. இந்தக் குறை உள்ள நிறையப் பேருக்கு வாழ்நாள் முழுக்க ஒன்றுமே ஆவதில்லை. ஆனால் கர்ப்பகாலம், பிள்ளை பெற்ற பிறகான கிழமைகள், ஈஸ்ட்ரஜன் உள்ள கருத்தடை மாத்திரை, நீண்ட நாள் படுக்கை, இவற்றில் இரத்தம் உறையும் ஆபத்து அவர்களுக்குக் கூட. டொக்டருக்கு முன்கூட்டியே தெரிந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

மூத்தவளுக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிறது. மாமா வந்து அமைதியாகச் சொல்லிவிட்டுப் போனார்: "ரத்தத்துல குறைன்னு வெளிய பேச வேணாம். டெஸ்ட் எல்லாம் கல்யாணத்துக்கு அப்புறம் பாத்துக்கலாம்." அவர் கெட்ட மனிதர் இல்லை. பெரியம்மாவின் சிகிச்சைக்கு அதிகம் செலவழித்தவரே அவர்தான். அவர் கேட்டதும் பெரியம்மா வியாழக்கிழமை செய்ததும் ஒன்றுதான். காட்டாமல் இருந்தால் நல்லபடியாகப் போய்விடும் என்ற நம்பிக்கை.

மாமாவுக்குப் பதில் சொன்னது பெரியம்மா. "நான் ஒளிச்சது போதும். ரெண்டு பேரும் போய் ரத்தம் குடுங்க." போன மாதம் கொடுத்தோம். முடிவு வரவில்லை. மாப்பிள்ளை வீட்டில் என்ன சொல்வது என்று மூத்தவள் முடிவெடுத்துவிட்டாள். அது அவளுடைய விஷயம் என்பதால் இங்கே எழுதவில்லை.

இதை வாசிக்கிற உங்கள் வீட்டிலும் யாராவது வோர்ஃபரின் குடிக்கலாம். பயந்து மருந்தை நிறுத்திவிடாதீர்கள். நாங்கள் எழுதியது அரிதிலும் அரிதான ஒன்று. சொந்தமாக நிறுத்தினால் வரும் பாரிசவாதம் அவ்வளவு அரிதல்ல. செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். புதிதாகத் தொடங்கிய முதல் பத்து நாளும், எங்காவது தோல் காரணமில்லாமல் நோகிறதா, சிவக்கிறதா, நீலமாகிறதா என்று கேளுங்கள். "ஏதும் வருத்தமா" என்று பொதுவாகக் கேட்டால் "இல்லை" என்றுதான் வரும். மார்பு, தொடை, பிட்டம் என்று இடத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். சில கிழமைகள் கழித்துக் கால்விரல்கள் ஊதா நிறமாகி நொந்தாலும் சொல்ல வேண்டும், அதுவும் அரிதாக வருவதுதான். ஹெபரின் ஊசி போட்ட இடம் ஐந்தாம் நாளுக்குப் பிறகு கறுத்தால் அதையும் சொல்ல வேண்டும். முரசில் இரத்தம், கறுப்பு மலம், தலை அடிபட்டால் தலையிடி, இவை எல்லாம் அதிகம் நடக்கக்கூடியவை, உடனே போக வேண்டும். வல்லாரை, முருங்கைக் கீரை எல்லாம் சாப்பிடலாம். ஒரு கிழமை அள்ளிச் சாப்பிட்டு மறு கிழமை அறவே விட்டால்தான் அளவு குழம்பும். ஐஎன்ஆர் என்ற எண் பெரியம்மாவுக்கு 2இலிருந்து 3க்குள் இருக்க வேண்டும். போன தடவை 2.4.

இவ்வளவையும் தமிழில் ஒரு பக்கத்துக்கு எழுதி, தோழியிடமும் அந்த டொக்டரிடமும் காட்டித் திருத்தி, ஐம்பது பிரதி எடுத்துக் கிளினிக்கில் கொடுத்தோம். மிஸ் வாங்கிப் பார்த்துவிட்டு, "எனக்கு வாசிக்கத் தெரியாதே, எந்தப் பக்கம் மேலே?" என்று சிங்களத்தில் கேட்டார். மூலையில் ஒரு அம்புக்குறி போட்டுக் கொடுத்தோம். லாச்சிக்குள் வைத்தார்.

போன தடவை கிளினிக்குக்குப் பெரியம்மாவோடு போனபோது, பக்கத்தில் கையில் புதுக் கொப்பியோடு ஒரு பெண் இருந்தார். மடியில் அந்தத் தாள், அம்புக்குறி கீழே பார்த்தபடி. பெரியம்மா அதை வாங்கித் திருப்பிக் கொடுத்தார். "நேரா வச்சு வாசி. மூணாவது வரி முக்கியம்."